கிருமியின் பெயரை ஆன்டிபாடி சொல்லாது

கால்நடைகளிலிருந்து மனிதர்களுக்கும் தொற்றும் புருசெல்லா என்ற பாக்டீரியாவின் இனங்களை மேற்பரப்பை வைத்து ஒப்பிடத் தொடங்கியபோது கையில் இருந்தது, அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் (கிருமியில் போய் ஒட்டும் புரதங்கள்) கொண்ட முயல் ரத்தச் சீரம் மட்டும்தான். அபார்ட்டஸ், மெலிடென்சிஸ், சூயிஸ் என்று எந்த இனத்தை வைத்தாலும் ஒட்டியது. கலவையான ஆன்டிபாடிகளில் எது எதைப் பிடிக்கிறது என்று கண்டுகொள்வது கடினம். அதனால் ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரக்கும் இணைப்புச் செல்லான ஹைப்ரிடோமாவுக்குப் போனோம்.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் காட்டிய வழிதான். அவர்கள் செல்களை இணைக்கச் சென்டாய் வைரஸைப் பயன்படுத்தினார்கள். நாங்கள் பாலிஎத்திலீன் கிளைக்கால். கொன்ற பாக்டீரியாவைச் சுண்டெலிக்கு ஊசி போட்டு, ஆன்டிபாடி சுரக்கும் அதன் மண்ணீரல் செல்களை மைலோமா என்ற புற்றுநோய்ச் செல்களோடு சேர்க்க வேண்டும். ஹேட் (HAT) என்ற வளர்ப்பு ஊடகத்தில் இணையாத மைலோமா செத்துவிடும்; இணையாத மண்ணீரல் செல்கள் தாமாகவே மடியும். மிஞ்சுவதை 96 குழித் தட்டில் ஒற்றைச் செல்லாகப் பிரித்து வளர்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நன்றாக ஆன்டிபாடி சுரந்துகொண்டிருந்த குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) திடீரென்று சுரப்பை நிறுத்திவிடும். ஆகவே உடனுக்குடன் உறையவைத்துவிடுவோம்.

ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று காட்டும் முதல் எலைசா சோதனையிலேயே எல்லா இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஊசி போட்ட இனத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒப்பீட்டுக்கே வழியிருக்காது. கூடவே யெர்சினியா என்டரோகோலிடிகா ஓ:9 என்ற வேறொரு பாக்டீரியாவையும் வைத்தோம். உறவு தூரம்தான், ஆனால் அதன் மேற்பரப்பில் நீளும் ஓ சங்கிலி என்ற சர்க்கரைத் தொடரும் அபார்ட்டஸைப் போலவே என்-ஃபார்மைல் பெரோசமைன் சர்க்கரையால் ஆனது. புருசெல்லாவால் வரும் புருசெல்லோசிஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் குழப்புவதும் இந்த ஒற்றுமைதான்.

பிறகு ஒவ்வொரு குளோனும் பிடிப்பது புரதத்தையா, சர்க்கரையையா என்று பார்த்தோம். புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே போட்டும் ஒட்டினால் அநேகமாகச் சர்க்கரை. சர்க்கரையைச் சிதைக்கும் பெரயோடேட் போட்டதும் விட்டுப்போனால் அந்த எண்ணம் வலுப்படும். மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஏணிப்படி போல வரிவரியாகத் தெரிந்தால் அது ஓ சங்கிலியைத் தாங்கும் லிப்போபாலிசாக்கரைடு. ஓ சங்கிலியைப் பிடிக்கும் குளோன் எதுவும் புருசெல்லா கேனிஸில் ஒட்டாது. அந்த இனத்துக்கு அச்சங்கிலியே கிடையாது. அதனால் கேனிஸ் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த நெகடிவ் கன்ட்ரோல் (ஒட்டக் கூடாத ஒப்பீட்டு மாதிரி).

ஓ சங்கிலியில் ஆன்டிபாடி பிடிக்கும் வடிவங்கள், அதாவது ஆன்டிஜென்கள், ஏ, எம் என்று இரண்டு. ஏ ஆன்டிஜெனைப் பிடிக்கும் குளோனை 'அபார்ட்டஸ் ஆன்டிபாடி' என்றே ஆய்வகத்தில் கூப்பிட ஆரம்பித்திருந்தோம். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. மெலிடென்சிஸின் உட்பிரிவான பயோவார் 1இல் எம் ஆன்டிஜென் மேலோங்கும். பயோவார் 2இல் ஏ. பயோவார் 3இல் இரண்டும். அந்தக் குளோன் பார்ப்பது சர்க்கரைகள் கோர்க்கப்பட்ட விதத்தை: எல்லாமே 1,2 இணைப்பா (ஏ), நடுநடுவே 1,3 வருகிறதா (எம்) என்பதை. இனப்பெயர் அதற்குத் தெரியாது. குழாய்களில் ஒட்டிய லேபிளை மாற்றி, குளோன் எண்ணோடு 'ஏ' என்று மட்டும் எழுதிவைத்தோம்.