பார்த்தேன் சார்

"கணக்கைக் கையில போட்டுப் பார்த்தியாப்பா?" என்று ஆபீஸில் சீனியர் இன்ஜினியர் கேட்டார். "பார்த்தேன் சார்" என்றேன். பார்க்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஃபுட்டிங், அதாவது பில்லர்களுக்கு அடியில் வரும் அஸ்திவாரம், அதன் டிராயிங்கில் அவர் கையெழுத்துப் போட்டார், சைட்டிலிருந்து வந்த பையன் பிரின்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். கீழே கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி. கோவையில் தெருவுக்கு இரண்டு நிற்குமே, அந்த மாதிரி அபார்ட்மென்ட். ஸ்டாட் ப்ரோ என்ற கட்டட டிசைன் சாஃப்ட்வேரில் மாடலை முழுக்க நானே போட்ட முதல் கட்டடம். ரன் கொடுத்து முடிந்ததும் 0 எரர், 0 வார்னிங் என்று வந்தது. பரீட்சையில் பாஸானது போல இருந்தது எனக்கு.

அன்றிரவு ரூமில் தூக்கம் வரவில்லை. மனசாட்சி என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். காலையில் கையில் போட்ட கணக்குத் தாளை அவர் கேட்டுவிட்டால் காட்ட ஏதாவது வேண்டுமே என்ற பயம்தான். நோட்டை எடுத்து, நடுவில் நிற்கும் சி3 பில்லருக்கு மட்டும் கணக்குப் போட்டேன். அதன் பங்குக்கு 5க்கு 4 மீட்டர், 20 சதுர மீட்டர் ஸ்லாப். 125 மி.மீ. கனம், மேலே தரைப்பூச்சு, அப்புறம் லைவ் லோடு, அதாவது ஆட்கள், சாமான்களின் எடை, சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் (10 கிலோ நியூட்டன் சுமார் ஒரு டன்). பீமையும் பில்லரையும் சேர்த்தால் மாடிக்குச் சுமார் 15 டன். ஒன்பது அங்குலச் சுவர் மீட்டருக்கு 11 கிலோ நியூட்டன் வரும். அது ஒன்பது மீட்டர் ஓடுகிறது, இன்னொரு 10 டன். சுவர் உள்ள தளம் மூன்று, மொட்டை மாடி ஒன்று. கூட்டினால் 90 டன்.

ஸ்டாட் சொல்லியிருந்தது 80.

லேப்டாப்பைத் திறந்து தேடியதில் பத்தே நிமிடத்தில் கிடைத்தது. சுவர் லோடு கொடுக்கப் பீம்களைத் தேர்ந்தெடுத்தபோது மூன்றாம் மாடிப் பீம்கள் விட்டுப்போயிருந்தன. சாஃப்ட்வேர் எப்படிக் கண்டுபிடிக்கும்? சுவரே இல்லாத மாடியும் அதற்கு ஒரு மாடிதான்.

மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 20 டன். ஃபுட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்துப் பார்த்தால், நான் கொடுத்தது 2.1 மீட்டர் சதுரம், வேண்டியது 2.25. ஒரு பக்கத்துக்கு அரை அடி வித்தியாசம். இதற்குக் கட்டடம் விழாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்யும் இல்லை. தாங்குதிறன் என்று மண் ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்குள்ளேயே பாதுகாப்புக்கு இடம் விட்டிருப்பார்கள், லைவ் லோடு முழுவதும் ஒரே நாளில் வந்து உட்காருவதும் இல்லை. ஆனால் சுவர் லோடே தெரியாத அந்த மூன்றாம் மாடிப் பீம்களின் கதை வேறு. நல்லவேளை, அந்த டிராயிங் இன்னும் வெளியே போகவில்லை.

காலையில் அவர் வருவதற்கு முன்பே போய் நின்றேன். "சார், மூணாவது மாடியில வால் லோடு விட்டுப்போச்சு." அவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "எந்தெந்த ஃபுட்டிங்?" "சி3 சேர்த்து ஆறு சார்." சுவரைப் பார்த்தபடி, "25, 25, 25, 15... 90 வரணுமே" என்றார். கால்குலேட்டர் இல்லை, பேப்பர் இல்லை. "ஆர்1 போடு, திருத்தின டிராயிங். மார்க்கிங்கை நிறுத்தச் சொல்லி நான் மேஸ்திரிக்கு ஃபோன் பண்றேன்."

நேற்று பார்த்தேன் என்றாயே என்று அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அங்கே இருந்த மூன்று வருஷத்திலும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் விளங்காதது இதுதான். ஒரு நொடியில் 90 என்று சொல்லத் தெரிந்தவர், முந்தின நாள் 80 என்று எழுதியிருந்த தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? என் "பார்த்தேன்" அவர் கண்ணைக் கட்டிவிட்டதா? அப்படியென்றால் தப்பில் பாதி அவருடையது என்று சில நாள் தோன்றும். அவர் என்னை நம்பியதை எப்படித் தப்பு என்பது என்று அடுத்த நாள் தோன்றும்.

கல்லூரியின் மேல் பழி போடுவது சுலபம், நானும் போட்டிருக்கிறேன். மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன், கனி மெத்தட் என்ற கணக்கு முறைகளையெல்லாம் 16 மார்க்குக்குக் கையாலேயே போட்டோம். மூன்றாம் வருஷ லீவில் தனியார் சென்டரில் பணம் கட்டி ஸ்டாட் படித்தோம், கிளிக் செய்யும் வரிசையை நோட்டில் எழுதிக்கொண்டோம். இரண்டிலும் ஒன்று மட்டும் எங்கள் வேலையாக இருந்ததே இல்லை. லோடு. கேள்வித்தாள் "மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன்" என்று கொடுத்துவிடும், சென்டர் டுடோரியலிலும் அச்சடித்தே இருக்கும். பிளானைப் பார்த்து எங்கே சுவர், எங்கே தண்ணீர்த் தொட்டி என்று விரல் வைத்து எண்ணச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இதை ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள். ஆனால் என் விஷயத்தில் இது சாக்குதான். எண்ணத் தெரியாமலா அன்றிரவு எண்ணினேன்? ஒரு மணி நேர வேலை. சாயங்காலமே செய்திருக்கலாம்.

போன வாரம் ஒரு பையன் ஃபுட்டிங் அளவுகளைப் பட்டியலிட்ட ஷெட்யூல் கொண்டுவந்தான். சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். "கையில போட்டுப் பார்த்தீங்களா?" "பார்த்துட்டேனுங்க சார்." பேனாவைத் திறந்தவன் மூடிவிட்டேன். "தாளைக் காட்டுங்க" என்றேன். இரண்டு நொடி என் முகத்தையே பார்த்தான். பிறகு ஃபைலிலிருந்து நான்கு தாள் எடுத்து வைத்தான். ஒவ்வொரு பில்லருக்கும் தனித்தனியாக, ஓரத்தில் சுவர் நீளத்தோடு, பென்சிலில் போட்டிருந்தான். எல்லாம் சரி. "குட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்கு டீக்குக் கூப்பிட்டேன். வேலை இருக்குதுங்க சார் என்றான்.