கழிவுநீர்த் தொட்டி வாடை: மருந்து ஊற்றும் முன் காற்றைக் கவனியுங்கள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. பாதாளச் சாக்கடை இன்னும் வராத தெரு என்பதால், மூன்று அறைகள் கொண்ட செப்டிக் டேங்க், அதையடுத்துச் சிறிய காற்று பம்ப் பொருத்திய தொட்டி, அதற்கப்பால் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை என்ற வரிசையில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தென்னை மரங்களுக்கு விடுகிறோம். இந்த ஏற்பாட்டில் அவ்வப்போது வாடை கிளம்பும். அப்போதெல்லாம் ஆளுக்கொரு மருந்தைச் சொல்வார்கள்; தொட்டியில் எதையாவது ஊற்றுவதோ தூவுவதோதான் அவை அனைத்திலும் பொதுவாக இருக்கும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டு, காற்று எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

செப்டிக் டேங்கில் தேங்கும் நீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. அங்கே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களில் ஒரு வகை, ஆக்சிஜனுக்குப் பதிலாக நீரில் கரைந்துள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடுகிறது. அழுகிய முட்டை வாடை என்று நாம் சொல்வது இதைத்தான். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்போடு சல்பேட்டும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், அந்த நீரைப் புழங்கும் வீடுகளில் இந்த வாயு அதிகமாக உருவாக இடமுண்டு. தொட்டியில் உருவாகும் மீத்தேனுக்கும் கரியமில வாயுவுக்கும் மணமே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடோ, காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு கலந்திருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒழுங்காக வேலை செய்யும் தொட்டிக்குள்ளும் நாற்றம் இருக்கத்தான் செய்யும். அது வெளியேறும் இடம் எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வாடை வரும் நேரத்தைக் குறித்து வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அது சமையல் நேரத்தில், அதுவும் கொசுவுக்காகக் கதவு சன்னல்களைச் சாத்திய பிறகு, விருந்தினர் குளியலறைப் பக்கமிருந்து வந்தது. தொட்டியை உடனே காலி செய்ய வேண்டும் என்றார் பிளம்பர். ஆனால் தொட்டியருகே நின்றால் அந்த நேரத்தில் வாடையே இல்லை. சமையலறைச் சிம்னி ஓடும்போது வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை அது வெளியே தள்ளுகிறது. மூடிய வீட்டில் அந்தக் காற்றை ஈடுகட்ட வேறு வழியில்லாததால், தண்ணீர் வற்றிய தரைவடிகால் வழியாகக் கழிவுக் குழாயின் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சிம்னியை ஓடவிட்டு, ஊதுபத்தியை அந்த வடிகாலின் சல்லடை மேல் பிடித்தபோது, புகை அறைக்குள் தள்ளப்பட்டதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. (இந்தச் சோதனையைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீத்தேன் தீப்பற்றக்கூடியது என்பதால் தொட்டி மூடியருகே ஊதுபத்தி உட்பட எந்த நெருப்பையும் கொண்டுபோகக் கூடாது.)

தரைவடிகாலின் அடியில், நம் பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணத்தில், வழக்கமாக 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். புழங்காத குளியலறையில் கோடைக்காலத்தில் அது விரைவில் வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் ஊருக்குப் போவதானால் மேலே சிறிது எண்ணெய் விட்டுப் போகலாம், ஆவியாவது குறையும். கழிப்பறையில் தண்ணீர் விடும்போது பக்கத்து வடிகாலில் களக்களக் என்று சத்தம் கேட்டால், குழாயில் ஓடும் நீர் அந்தக் கிண்ணத்தின் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று பொருள். அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது தீர்வாகாது. அந்தக் குழாய்க்குக் காற்று கிடைக்கும்படி தனிக் குழாய் ஒன்றை மேலே கொண்டுபோக வேண்டும்.

இதைவிட மோசமானவை, ட்ராப்பே இல்லாத இணைப்புகள். வாஷிங் மெஷினின் வடிகுழாயை நேராகக் கழிவுக் குழாய்க்குள் செருகியிருப்பார்கள். வாஷ்பேசினின் வேஸ்ட் பைப் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் நீரைக் கழிவுக் குழாயோடு இணைத்துவிடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. படுக்கையறையில் சாக்கடை வாடை என்று புலம்பும் வீடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். அந்தக் குழாயில் வளைவு வைத்திருந்தாலும், ஏசி ஓடாத மார்கழியில் வளைவிலுள்ள நீர் வற்றி வழி திறந்துவிடும். இணைப்பை அறுத்து, நீரைத் திறந்த வெளியில் ஒரு செடிக்கு விடுவதே நல்லது.

வீட்டுக்குள் வரும் வழிகளை அடைத்த பிறகு, வெளியே போக வேண்டிய வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செப்டிக் டேங்க் அமைப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470, குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள காற்றுக் குழாயும், அதன் தலையில் கொசு புகாத வலையும் வேண்டும் என்கிறது. தொட்டி கட்டடத்துக்கு 15 மீட்டருக்குள் இருந்தால், குழாய் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும். நம் மனைகளில் 15 மீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது? தரைத்தளம் மட்டும் இருந்தபோது சரியாக நின்ற குழாய், மாடி எழும்பிய பிறகு மாடி அறையின் சன்னலுக்கு நேராக ஊதிக்கொண்டிருக்கும் காட்சியை எங்கள் தெருவிலேயே காணலாம். பி.வி.சி. குழாயை உயர்த்துவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் அதைச் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. குளவிக் கூடும் சிலந்தி வலையும் வலைத் தொப்பியை அடைத்துவிடுவதுண்டு என்பதால், அதையும் ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். கொசுத் தொல்லைக்குப் பயந்து குழாய் வாயைத் துணியால் இறுகக் கட்டுவது தவறு. வாயு அப்போது வேறு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும்.

குழாய்த் தலையில் தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய உருளை ஒன்றைப் பொருத்தலாம் என்பார்கள். நுண்துளைகள் பெருகும்படி பதப்படுத்திய (ஊக்கப்படுத்திய) கரி வாடையைப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது காற்றோட்டத்தைத் தடுக்கவும் செய்யும். மழையில் நனைந்தாலோ நிரம்பிவிட்டாலோ பயன் போய்விடும். குழாயை உயர்த்த முடியாத இடத்தில் மட்டும், மழைமூடியோடு அதைப் பொருத்துவதில் தவறில்லை.

காற்று பம்ப் வைத்த தொட்டியின் கதை வேறு. அங்கே வேலை சரியாக நடந்தால் நீர் சாக்லேட் பழுப்பு நிறத்திலும், மணம் மழை நனைத்த மண்ணைப் போலவும் இருக்கும். நிறம் கறுத்து, முட்டை வாடை வந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று கொள்ளலாம். ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பம்பின் காற்று வடிகட்டியில் தூசி படிந்திருக்கலாம். உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம், அப்போது பம்பின் சத்தமும் மாறும். கடின நீர் என்றால், காற்றை நீருக்குள் குமிழ்களாக விடும் டிஃப்யூசரின் நுண்துளைகளில் சுண்ணாம்பு படியும். தொட்டியில் ஒரு பக்கம் மட்டும் குமிழ்கள் பெரிதாகக் கொப்பளிப்பது அதன் அடையாளம். மின்வெட்டு பல மணி நேரம் நீண்டாலும் இதே வாடை கிளம்பும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பம்பை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை, பம்பை இன்வெர்ட்டரோடு இணைத்திருக்கிறேன்.

இனி மருந்துகளுக்கு வருவோம். பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிகளால் பெரும்பாலும் தீங்கில்லை; ஆனால் தொட்டிக்குத் தேவையான நுண்ணுயிர்கள் கழிவோடு நாள்தோறும் போய்க்கொண்டேயிருப்பதால், பெரிய பலனையும் எதிர்பார்க்க முடியாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அளவுக்கு மீறினால் கெடுதல் செய்யும். அவை நுண்ணுயிர்களைக் கொல்வதோடு, ஆசிட் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால், கரைந்திருக்கும் சல்பைடு வாயுவாக மாறுவதற்கும் வழிசெய்கிறது. இவை இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதால் கழிப்பறை கழுவும்போதும் கவனம் வேண்டும்.

கசடு நிறைந்துவிட்டால் அதை உறிஞ்சியெடுக்கும் லாரியை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி. உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அதைவிட, அது உயிரைப் பறிக்கும் வேலை. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போய்விடும் என்பதால், நாற்றமில்லை என்று நம்பி எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. மூடியைத் திறந்தால் தள்ளி நிற்க வேண்டும்.

கடைசியாக ஜல்லிப் படுகை. நீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழே ஓடும்வரை அதில் வாடை எழாது. ஐப்பசி மழையில் எங்கள் படுகையில் நீர் மேலேறி நின்றபோது, வெளியேற்றும் குழாயின் முழங்கை வளைவை (எல்போ) சற்றுத் தாழ்த்தியதோடு, நுழைவாயில் பக்கம் சேறு அடைத்திருந்த ஜல்லியை மட்டும் அள்ளிக் கழுவிப் போட்டோம். கல்வாழையின் காய்ந்த தண்டுகளையும் அப்போதே வெட்டியெடுத்தோம், ஏனெனில் அவை படுகையிலேயே விழுந்து மட்கினால் ஜல்லி மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.