ஸ்கானருக்குள் ஓர் ஒழுங்கு

அகப்பட்ட அலைவரிசைகளையெல்லாம், வானொலிப் பேச்சுகளைத் தேடிக் கேட்கும் கருவியான ஸ்கானரில் வரிசையின்றிப் பதிந்து வைத்திருந்த எனக்கு, ஒரு மாலை பலாலி விமான நிலையத்தில் இறங்கவிருந்த விமானத்தின் குரல் வெறும் கரகரப்பாகவே கேட்டது; விமானப் பேச்சு நடைபெறும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதிக்கு ஏஎம் முறை வேண்டும் என்பதை மறந்து, எஃப்எம் முறையில் பதிந்திருந்தேன். அன்றிரவே அனைத்தையும் அழித்து, விமானத்துக்கு ஒரு தொகுதி, கடலுக்கு ஒரு தொகுதி எனப் பிரித்தேன். கடல் தொகுதியில் அவசர அழைப்புக்குரிய 16ஆம் சனலை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸை, முன்னுரிமைச் சனலாக்கியதால், வேறெதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் கருவி இடையிடையே அங்கே எட்டிப்பார்க்கிறது. ஓயாமல் இரையும் சனல்களை அழிக்காமல், தேடலில் தவிர்க்குமாறு குறித்துவிட்டேன். மூன்றாம் தொகுதியில் 145.8 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே உண்டு: அதில் ஒலிபரப்பும் சர்வதேச விண்வெளி நிலையம் யாழ்ப்பாணத்துக்கு மேலாகக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக. பெரும்பாலும் மௌனந்தான்.