அறிமுக வரியைக் கடைசியில் எழுதுங்கள்

எழுதிய கட்டுரையின் சுட்டியை, மேலே ஓர் அறிமுக வரி போட்டு, இணையத்தில் நாலு பேருக்குச் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. பாதி எழுதும்போதே "இந்த வரியைத் தனியாகப் பகிரலாமே" என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கிறதே, எழுத்து கெடுவது அங்கேதான். பத்திகள் குட்டையாகும், ஒவ்வொரு பத்தியும் பஞ்ச் வசனத்தில் முடியும், கொஞ்சம் சுற்றிவளைத்துச் சொல்லவேண்டிய வாதம் காணாமல் போகும். அதனால் கட்டுரையை முடித்து, ஒரு ராத்திரியாவது ஆறப்போட்டு, திருத்தி, தலைப்பும் வைத்துவிடுங்கள். அறிமுக வரி அதற்கப்புறம். அதற்காகக் கட்டுரையில் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது.

அந்த வரி சொல்வது கட்டுரைக்குள் இருக்கவேண்டும். 'உரையாடல் எழுதும் ரகசியம்' என்று போட்டால் கூட்டம் வரலாம். ரகசியத்தைத் தேடிவிட்டு இரண்டாம் பத்தியிலேயே கிளம்பிவிடும். 'என்றான், என்றாள் ஆகியவற்றை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டினால் பேசுவது யாரென்று குழம்பும்' என்று போட்டால் வருபவர் குறைவு. ஆனால் அவர் தேடி வந்தது கிடைக்கும், அடுத்த முறையும் வருவார்.

இடப் பற்றாக்குறைதான் பெரிய வில்லன். எக்ஸ் தளத்தின் 280 நம் கணக்குப்படி 280 எழுத்து இல்லை. புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துக்கு ஐந்து போய்விடும். சுட்டிக்கு, அது எவ்வளவு நீளமானாலும், 23. சுருக்க உட்கார்ந்தால் கை முதலில் போவது 'பெரும்பாலும்', 'சில சமயம்' போன்ற சொற்களிடம். அவை போனால் நிதானமாகச் சொன்ன கருத்து பொய்யாகிவிடும், பின்னூட்டத்தில் அந்தப் பொய்யைத்தான் நீங்கள் காப்பாற்ற வேண்டிவரும். முழு வாதத்தையும் நசுக்கி அடைக்காமல், அதிலிருந்து ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்து முழுசாகச் சொல்லுங்கள்.

பதிவேற்றும் பக்கத்தில் 'விவரணை' என்றொரு பெட்டி இருந்தால் காலியாக விடாதீர்கள். காலியாக இருந்தால் பெரும்பாலும் கட்டுரையின் தொடக்க வரிகளே, சுட்டியைப் பகிரும்போது அதன் கீழே தெரியும் முன்னோட்டத்தில் வந்து நிற்கும். உடனே அந்த வரிகளைக் கூவ வைக்கத் தோன்றும். 150 எழுத்துக்குள் பெட்டியை நிரப்பிவிட்டால் தொடக்கம் தன்பாட்டுக்கு மெதுவாக நடக்கலாம். பகிர்ந்த பின் விவரணையை மாற்றினால் ஃபேஸ்புக் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். அவர்களுடைய ஷேரிங் டீபகர் (Sharing Debugger) என்ற பக்கத்தில் சுட்டியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லவேண்டும்.

கட்டுரையின் இணைய முகவரியை, வெளியிடும் முன்பே ரோமன் எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழ்த் தலைப்பே முகவரியானால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் %, எண், ரோமன் எழுத்து என ஒன்பதாக விரியும். 'தமிழ்' மட்டுமே 45. வெளியிட்ட பின் மாற்றினால், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடாதவரை, ஏற்கெனவே பகிர்ந்த சுட்டிகள் செத்துவிடும்.

பார்வை எண்ணிக்கையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், அதுவும் அடுத்த கட்டுரையின் பொருளை முடிவு செய்த பிறகு. அந்த எண் பெரும்பாலும் எந்த அறிமுகம் எடுபட்டது என்பதைத்தான் காட்டும். எடுபடாத நல்ல கட்டுரையை நாலைந்து மாதம் கழித்து வேறொரு பத்தியை முன்வைத்து மறுபடி பகிருங்கள். முதல் முறை பார்க்காமல் விட்டவர்களே அதிகம் இருப்பார்கள்.