ஜெனி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை

ஜூலை 9
அம்மாவுக்கு ஆஞ்சியோவில் ஒன்றுமே இல்லை. குழாய் எல்லாம் சுத்தம். அப்படியானால் இ.சி.ஜி. ஏன் அந்த மாதிரி வந்தது? இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் ஏன் ஏறியது? எக்கோவை, அதான் இதய ஸ்கேனை, இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அண்ணன் கேன்டீன் பக்கம் போனவன் வரவே இல்லை.

ஜூலை 10
டகோட்சுபோவாம். திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்தின் மேல்பாகம் மாங்கு மாங்கென்று சுருங்குகிறது, நுனி மட்டும் அசையாமல் ஊதி நிற்கிறது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானை இந்த வடிவம்தானாம். 1990-ல் ஹிரோஷிமா டாக்டர்கள் வைத்த பெயர். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். அட்ரினலின் ஒரேயடியாகப் பாய்ந்து தசையை மரத்துப்போகச் செய்துவிடுகிறது என்கிறார்கள். பம்பிங் 35 சதவீதம்.

"வீட்டுல ஏதும் துக்கமா?" என்று கேட்டார்.

அம்மாவோட ஒரே தம்பி சார். போன வாரம்.

ஜூலை 11
மானிட்டரில் 96. 94. 97. வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஜூலை 13
வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. மனசைத் திடப்படுத்திக்கோ, தைரியமா இரு. இன்னும் எவ்வளவு தைரியம் வேண்டுமாம்? மாமாவைக் கிடத்தியிருந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டது இவள். பெட்டிக்குச் சொன்னது, சாமியாருக்குப் போன் அடித்தது, அத்தை மயங்கினபோது தாங்கிப் பிடித்தது எல்லாம் இவள்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "உங்கம்மா இரும்பு மனுஷி" என்று என்னிடமே சொன்னார்கள். அழுதிருந்தால் இது வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அழுது புரண்டவர்களுக்கும் வருகிறது. ஆனால் மனசு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிற ஒவ்வொருவரையும் அந்த எக்கோ திரைக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஜூலை 14
அத்தை போன் செய்தாள். மாமா மகள் ஜெனி முழுகாமல் இருக்கிறாளாம். மாமாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சந்தோஷத்திலும் இதே நோய் வரும் என்று ராத்திரி படித்துத் தொலைத்தேன். 2016-ல் வந்த ஆய்வு. மனசைத் தாக்கிய ஏதோ ஒன்றால் இது வந்த 485 பேரில் 20 பேருக்குக் காரணம் நல்ல செய்தி. கல்யாணம், பேரக்குழந்தை, அப்படி. 485-ல் 20 என்றால் ரொம்பக் குறைவுதான். தெரிகிறது. ஆனாலும் சொல்லவில்லை.

ஜூலை 16
வீட்டுக்கு வந்தாயிற்று. வந்ததும் ஜெபமாலையைத் தேடினாள்.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 பக்கம் துடிக்குமாம். மூளையிலிருந்து இறங்கி வருகிற வேகஸ் நரம்புதான் பிரேக் பிடித்து 70 பக்கம் வைத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, விடும்போது பிடிக்கிறது. 2001-ல் இத்தாலிக்காரர்கள் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6-க்கு இறங்கியதாம். மந்திரம் சொன்னபோதும் அதேதான், மாதா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அம்மா 'அருள் நிறைந்த மரியே'வை முத்துநகர் எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்கிறவள். மெதுவா சொல்லும்மா என்றால் முறைக்கிறாள்.

ஜூலை 19
தூக்கம் இல்லை. ரெண்டு பேருக்கும்.

ஜூலை 22
மாமா நம்பருக்குப் போன் போடுகிறாள். மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருந்துவிட்டு வைக்கிறாள். போன் அத்தையிடம் இருக்கிறது, அவளும் எடுப்பதில்லை. "ரீசார்ஜ் முடியுற வரைக்கும் அடிக்கட்டும்" என்றாள் அத்தை. இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜெனி விஷயம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 26
பனிமய மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். காலையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. செல்போனில் பார்த்தாள், சத்தத்தைக் கூட்டி வைத்து.

ஆகஸ்ட் 1
எக்கோ. பம்பிங் 55 சதவீதம், நார்மல்! நுனி நன்றாக அசைகிறது. டாக்டருக்கே சந்தோஷம். மாத்திரை கொஞ்ச நாள் தொடரட்டும், மறுபடி வருவது அபூர்வம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "நெஞ்சு சரியாயிட்டுங்காரு. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

தசைக்குச் சில வாரம் போதும். மற்றதற்கு எக்கோ கிடையாது.

ஆகஸ்ட் 3
ஜெனி திருவிழாவுக்கு வருகிறாளாம். நாளைக்குள் சொல்லியாக வேண்டும். டாக்டரிடம் கேட்டேன், சிரித்தார். "தாராளமா சொல்லுங்க."

ஆகஸ்ட் 4
மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். முதலில் எனக்குத் திட்டு, இத்தனை நாள் மறைத்ததற்கு. கையைக்கூடத் துடைக்காமல் அத்தைக்குப் போன். "வாந்தி எடுக்காளா? என்ன சாப்பிடுதா?" அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை, ஓவென்று அழுகை. நான் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். விரலை நீட்டச் சொன்னதற்குக் கையைத் தட்டிவிட்டாள், மீன் செதிலோடு.

நாளைக்குக் காலைப் பூசைக்குப் போயே ஆக வேண்டுமாம். ஆட்டோ அண்ணனிடம் சொல்லி வைக்கணும்.