டோசர், கிரேடரில் ஜி.பி.எஸ். மட்டம்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

மெஷின் கன்ட்ரோல் (பிளேடு இருக்கும் மட்டத்தை ஜி.பி.எஸ். வைத்துத் திரையில் காட்டி மெஷினை ஓட்டும் முறை) தேர்வுக்கு வருகிறவர்களில் பலர் திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பட்டன்கள் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும், கம்பெனிக்குக் கம்பெனி மாறவும் செய்யும். திரை காட்டும் மட்டம் தப்பு என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? படிப்பை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

அடிப்படை சுருக்கமாக. செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வாங்கும் இடம் சில மீட்டர் பிசகும். இடம் தெரிந்த புள்ளியில் அசையாமல் நிற்கும் ரிசீவரான பேஸ் தன் அளவீடுகளை ரேடியோ வழியாகவோ சிம் கார்டு வழியாகவோ மெஷினுக்கு அனுப்ப, மெஷின் அதைத் தன் அளவீட்டோடு ஒப்பிட்டுப் பிசகைக் கழிக்கிறது. கணக்கு முழுதாகத் தீர்ந்து ‘ஃபிக்ஸ்’ கிடைத்தால் கிடைமட்டத்தில் 1 முதல் 2 செ.மீ., உயரத்தில் 2 முதல் 3 செ.மீ. வரை நம்பலாம். கணக்கு இன்னும் முழுதாகத் தீராமல் ‘ஃப்ளோட்’ என்று காட்டினால் பிளேடைத் தூக்கிவிடுங்கள், அந்த எண்ணை வைத்து ஒரு பிடி மண்கூட வெட்டக் கூடாது. உயரம் மட்டும் ஏன் மோசம் என்று கட்டாயம் கேட்பார்கள். நாலு திசையிலும் செயற்கைக்கோள் இருப்பதால் கிடைமட்டப் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். காலுக்குக் கீழே செயற்கைக்கோள் கிடையாது, அதனால் உயரப் பிழை அப்படியே தங்கிவிடும்.

இதைச் சாலை வேலையின் அனுமதி அளவோடு சேர்த்துப் படியுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் சப்கிரேடுக்கு (சாலை அடுக்குகளுக்கு அடியில் உள்ள மண் மட்டம்) டிசைன் மட்டத்துக்கு மேலே 20 மி.மீ., கீழே 25 மி.மீ. வரை விடுகிறார்கள். அதன் மேல் வரும் ஜி.எஸ்.பி.க்கு (கிரானுலர் சப்பேஸ்) மேலே 10, கீழே 20. அதற்கும் மேலே மெஷினில் போடும் வெட் மிக்ஸுக்கு (தண்ணீர் கலந்த ஜல்லி அடுக்கு) இரு பக்கமும் 10. ஆகவே மண் வேலைக்கும் சப்கிரேடுக்கும் ஜி.பி.எஸ். போதும், ஜி.எஸ்.பி.யில் கவனம் வேண்டும், வெட் மிக்ஸ் ஃபினிஷிங்குக்கு டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் சர்வே கருவி) வைத்துத்தான் கிரேடரை ஓட்ட வேண்டும். “எல்லா லேயருக்கும் ஜி.பி.எஸ். போதும்” என்று சொல்பவர் அங்கேயே மதிப்பெண்ணை விடுகிறார்.

இனி நம் மதுரைப் பக்கத்துக்கே உரிய சிக்கல். உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். வரைபட முறையில் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகைதான் 43ஆம், 44ஆம் மண்டலங்களின் எல்லை. மதுரை நகரம் 78.12 பாகையில், 44இல் இருக்கிறது. உசிலம்பட்டியும் தேனியும் 43இல். திருமங்கலம் அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே கிடக்கிறது. மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் சாலையில் வேலை நடந்தால் பாதி ஒரு மண்டலம், மீதி இன்னொன்று. மண்டலத்தை மாற்றிப் போட்டால் திரையில் டிசைன் பல நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். மதுரை நகரத்துக்குக் கிழக்கு அளவு (ஈஸ்டிங்) 44இல் சுமார் 1,84,000 மீட்டர், 43இல் சுமார் 8,42,000 மீட்டர். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்திருந்தால் ஃபைலைத் திறந்த நொடியிலேயே தப்பு தெரியும்.

அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. மண்டலத்தின் விளிம்பில் வரைபடத் தூரம் தரைத் தூரத்தைவிடக் கூடிவிடும். மதுரையில் அது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 80 செ.மீ. டேப்பிலோ டோட்டல் ஸ்டேஷனிலோ அளந்த தரைத் தூரத்தில் போட்ட டிசைனை நேரடி யு.டி.எம். எண்களோடு கலந்தால், தொடங்கும் இடத்தில் எல்லாம் பொருந்தும், 2 கி.மீ. போனதும் கல்வெர்ட்டு ஒன்றரை மீட்டர் நகர்ந்து நிற்கும். சைட் கேலிபரேஷன், அதாவது ஜி.பி.எஸ். எண்களைச் சைட்டில் தெரிந்த புள்ளிகளோடு பொருத்துவது, செய்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உயரம். ஜி.பி.எஸ். சொல்வது எலிப்சாய்டு (பூமிக்குக் கணக்கில் வைத்த வடிவம்) மேல் உள்ள உயரம், பி.எம். (பெஞ்ச் மார்க்) கல்லில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம். தென்னிந்தியாவில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. மதுரைப் பக்கம் எலிப்சாய்டு உயரம் 90 மீட்டருக்கும் மேல் குறைவாக வரும். அவ்வளவு பெரிய வித்தியாசம் யார் கண்ணிலும் படும். ஒரு முனையில் மட்டும் சரிசெய்துவிட்டு மறுமுனைக்குப் போனால் வரும் சில செ.மீ. சரிவுதான் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கேலிபரேஷனுக்குக் குறைந்தது ஐந்து புள்ளிகள், சைட்டைச் சுற்றி வளைத்தபடி இருக்க வேண்டும். சாலையில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே ஓரமாக வைத்துவிடுவது வழக்கமான தவறு. அப்படி வைத்தால் குறுக்குச் சரிவில் பிழை வந்தாலும் கணக்கு காட்டாது. இடம் வலமாக மாற்றி மாற்றி வையுங்கள். மிச்சப் பிழை ஏதாவது ஒரு புள்ளியில் 20 மி.மீ. தாண்டினால், அதை நீக்கிவிட்டு முன்னேறாமல் அந்தக் கல் அசைந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கரிசல் மண்ணில் நட்ட பெக் மழைக்கு உப்பி வெயிலுக்கு இறங்கும். அங்கே பி.எம். ஆழமான கான்கிரீட் தூணில்தான் இருக்க வேண்டும்.

பேஸ் வைக்கும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. தினமும் காலையில் ‘இப்போதுள்ள இடம்’ என்று அமுக்கித் தொடங்கினால் சைட் முழுவதும் நாளுக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று நகரும். தெரிந்த புள்ளியின் எண்களையே கொடுக்க வேண்டும். அடுத்தது ஆன்டெனா உயரம்: சாய்வாக அளந்தீர்களா, நேராகவா, ஆன்டெனாவின் எந்தக் குறிவரை அளந்தீர்கள் என்பதை மெனுவில் அதேபடி தேர்ந்தெடுங்கள். ரேடியோவை ஆன் செய்யும் முன் அதன் ஆன்டெனாவை மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ரேடியோ போய்விடும்.

மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் செய்முறைத் தேர்வின் உயிர். டோசரில் ஒரு பெக்கின் மேல் பிளேடின் இடது மூலையை வைத்து எண்ணைக் குறியுங்கள், பிறகு வலது மூலை. மெஷினைத் திருப்பி எதிர்த் திசையிலிருந்து வந்து மறுபடி இரண்டும். நான்கு எண்களும் 3 செ.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். திசை மாறினால் மட்டும் கிடைமட்டம் மாறுகிறது என்றால் மாஸ்ட் (ஆன்டெனா நிற்கும் கம்பம்) அல்லது ஆன்டெனா அளவு தப்பு. எல்லாமே ஒரே அளவு தாழ்வாகவோ உயரமாகவோ வந்தால் கட்டிங் எட்ஜ் (பிளேடின் அடியில் பூட்டும் வெட்டு விளிம்பு) தேய்மானத்தையோ பேஸ் உயரத்தையோ பாருங்கள். தேய்ந்த எட்ஜின் அளவை மாற்றாமல் புது எட்ஜ் பூட்டினால், பூட்டிய அன்றே தேய்மானம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாக வெட்டும். எக்ஸ்கவேட்டரில் பக்கெட்டை விரித்து, நேராக நிறுத்தி, சுருட்டி என்று மூன்று நிலையில் ஒரே பல்லை ஒரே ஆணியில் வையுங்கள். பக்கெட் நிலைக்கேற்ப எண் மாறினால் பக்கெட்டை இணைக்கும் பின்னில் ஆட்டமோ பக்கெட் சென்சாரோ காரணம்.

கணக்குக் கேள்வி ஒன்று வரும். சாலை மேல்மட்டம் 132.450, பேவ்மென்ட் (சப்கிரேடுக்கு மேலுள்ள அடுக்குகள்) மொத்தம் 600 மி.மீ. என்றால் சப்கிரேடு 131.850. திரை 131.902 காட்டினால் வெட்டு 52 மி.மீ. இதை ஆட்டோ லெவலில் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) சரிபார்க்கச் சொல்வார்கள். பி.எம். 132.000, அதன் மேல் ஸ்டாஃப் (அளவுகோல் கம்பு) 1.345, பார்வை மட்டம் 133.345. சப்கிரேடில் ஸ்டாஃப் 1.495 வர வேண்டும். கண்மாய்க் கரைச் சரிவு என்றால் கணக்கு மாறும். 2க்கு 1 (கிடையாக 2, உயரம் 1) சரிவில் செங்குத்தாக 300 மி.மீ. ஆஃப்செட் கொடுத்தால் சரிவுக்கு நேர்க்குத்தாகக் கிடைப்பது 268 மி.மீ. மட்டுமே. வளைவில் இன்னொன்று: 100 மீட்டர் ஆரத்தில் 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வைத்துச் செய்த ஃபைல், நடுவில் அரை மீட்டர் உள்ளே தள்ளிப்போகும். 5 மீட்டருக்கு ஒன்று என்றால் அது 3 செ.மீ.தான்.

பிளேடின் எந்தப் புள்ளி மட்டம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். 3.66 மீட்டர் பிளேடில், 2.5 சதவீதக் குறுக்குச் சரிவில், ஓரத்துக்குப் பதில் நடுவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் 46 மி.மீ. போச்சு. சப்கிரேடு அனுமதி முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

பிளேடைக் கருவியே ஏற்றி இறக்கும் ‘ஆட்டோ’வை எப்போது போடுவது? கனமான வெட்டுக்குக் கையால் ஓட்டுங்கள். மட்டத்துக்கு 5 முதல் 10 செ.மீ. இருக்கும்போது ஆட்டோ. பிளேடு நிறைய மண் சுமந்தால் டிராக் வழுக்கி, ஆட்டோ தூக்கியும் இறக்கியும் அலை அலையாக வரும். வேகமாக ஓட்டினாலும் அதே அலைதான் வரும்.

வானம் மறையும் இடங்களை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். புளியமர நிழல், நத்தம் சாலை மேம்பாலத்தின் அடி, மேலூர்ப் பக்கக் கருங்கல் குவாரிச் சுவர் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பாறைமுகத்தில் சிக்னல் எதிரொலித்து, திரை ‘ஃபிக்ஸ்’ என்று காட்டும்போதே உயரம் தாவும். அப்போது தொடர்பைத் துண்டித்து மறுபடி ஃபிக்ஸ் வாங்கி, அருகிலுள்ள பி.எம். மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவு ஷிப்ட் பற்றியும் கேட்கலாம். காந்த நடுக்கோடு நம் தெற்கே திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதனால் சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை, செயற்கைக்கோள் சிக்னல் கடந்து வரும் மின்னேறிய மேல் காற்றடுக்கான அயனமண்டலம் கொந்தளிக்கும், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகமாக. சூரியக் கரும்புள்ளிகள் கூடும் ஆண்டுகளில் இன்னும் மோசம். கருவி பழுதாகாமலே, ஏழரை, எட்டு மணிக்கு ஃபிக்ஸ் போய்ப் போய் வரும். அந்த மாதங்களில் ஃபினிஷிங்கைப் பகலுக்குத் தள்ளி, மாலையில் மண் நகர்த்தும் வேலையை வையுங்கள். தள்ள முடியாவிட்டால் டோட்டல் ஸ்டேஷனை வெளிச்சம் இருக்கும்போதே பி.எம்.மில் நிறுத்தித் தயாராக வைத்துவிடுங்கள்.