ரெண்டாம் பிரதிவாதி

கேஸ்ல இன்னொருத்தரைப் புதுசா சேக்கக் கேக்குற இம்ப்ளீட் பெட்டிஷன்ல கையெழுத்து போடும்போது அப்பாவுக்கு கை நடுங்குச்சு.

வரப்பைத் தாண்டி வேலி போட்டவர் மேல மட்டும்தான் கேஸ் போட்டிருந்தோம், இப்ப வில்லங்கம் எடுத்துப் பாத்தா கேஸுக்கு முன்னாடியே அவர் அந்த நிலத்தை வேற ஒருத்தருக்கு கிரயம் பண்ணிக் குடுத்திருக்காரு.

வாங்கினவரைச் சேக்காம தீர்ப்பு வாங்கினா அது அவரைக் கட்டுப்படுத்தாதுன்னாரு வக்கீல். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 1 விதி 10-ல எந்தக் கட்டத்துலயும் சேக்கலாம், ஆனா கேஸ் போடக் காலக்கெடு வைக்கிற 1963 லிமிடேஷன் சட்டம் 21-வது பிரிவுப்படி பொதுவா அவரைப் பொறுத்தவரை சேத்த அன்னைக்குத்தான் கேஸ் ஆரம்பிச்ச மாதிரி, அதனால தள்ளிப்போடவே கூடாது.

வெளிய வந்து அப்பா கேட்டாரு, "அந்தப் பையனும் காசு குடுத்துதானேடா வாங்கியிருப்பான்?"

எனக்கு பதில் வரல. நேத்துவரைக்கும் அவர் எனக்கு வெறும் வேலிதான்.

சாயங்காலம் வயலுக்குப் போனோம். சர்வே கல்லு இருந்த குழியில அருகம்புல் முளைச்சிருக்கு.